அஞ்சாவது மலை

அப்பாயி அந்த இரவைப் பற்றிச் சொல்லும்போது சத்தத்தில் தொடங்க மாட்டார். மண்ணெண்ணெயில்தான் தொடங்குவார்.

"அந்த வருசம் லாம்புக்கு ஊத்த எண்ண வாங்கக் காசு கெடையாது. வெளக்கு வைக்கிற நேரத்துல ஏத்துவோம், புள்ளைங்க சாப்புட்டதும் அணைச்சுருவோம். ஆனா அந்தக் கெழமை பூரா மலையே மண்ணெண்ண வாசம். கொழுந்தக் கிள்ளி மோந்தா கொழுந்துலயும் அந்த வாசம்."

சின்ன வயதில் இதைக் கேட்கும்போது அப்பாயி கூட்டிச் சொல்கிறார் என்று நினைப்பேன். ஜெட் விமானத்துக்கு ஊற்றுகிற எரிபொருள் அடிப்படையில் மண்ணெண்ணெய்தான் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டது எத்தனையோ வருடம் கழித்து. படித்த அன்றைக்கே ஊருக்கு போன் போட்டேன். "நீங்க சொன்னது சரிதான் அப்பாயி" என்றேன். "அதச் சொல்லவா போன் பண்ணுன?" என்றார். தான் மோந்து பார்த்ததை இன்னொருவர் சரி என்று சொல்லவேண்டிய தேவை அவருக்கு இல்லை.

1974 டிசம்பர் 4. இரவு பத்து மணி தாண்டியிருந்தது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்குப் புறப்பட்ட ஒரு டி.சி-8 விமானம் வழியில் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்க வந்துகொண்டிருந்தது. நெதர்லாந்தின் மார்ட்டின்எயர் விமானம் அது. இந்தோனேசியாவின் கருடா விமான நிறுவனத்துக்காக ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்தது. யாத்திரிகர் 182 பேர், பணியாளர் 9 பேர். நோட்டன் பிரிட்ஜுக்கும் மஸ்கெலியாவுக்கும் நடுவே நிற்கிற ஏழு கன்னியர் மலையில், கடல் மட்டத்திலிருந்து 4,300 அடிக்குச் சற்று மேலே, அது மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் நடந்த விமான விபத்துகளில் இன்றைக்கும் அதுதான் ஆகப் பெரியது.

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடான எங்கள் லயத்தின் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், நின்றால் அந்த மலைத்தொடர் நேரே தெரியும். தெரியும் என்பதைவிட, பனிமூட்டம் விட்டால் தெரியும் என்று சொல்லவேண்டும். ஏழு முகடுகள், அக்கா தங்கைகள் வரிசையாக நிற்பதுபோல. ஊரிலிருந்து கன்னிமார் சாமியைக் கூட்டிக்கொண்டு கடல் கடந்து வந்த சனம் இந்த ஏழையும் பார்த்ததும் வேறு பெயர் வைத்திருக்கவே முடியாது. விமானம் மோதியது அஞ்சாவது மலை என்பார்கள். எங்கள் பக்கத்திலிருந்து எண்ணினால் அஞ்சு, அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்று. இதை வைத்து இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் சண்டை பிடித்திருக்கிறோம். தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் இடத்துக்கே மலை என்றுதான் பெயர். மூணாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை என்று பிரட்டுக்களத்தில் தினமும் காலையில் எண் சொல்லித்தான் ஆட்களைப் பிரித்து அனுப்புவார்கள். ஆகவே மலையை எண்ணுவது எங்களுக்குப் பழகிய காரியம். தான் நிற்கிற மலை எது என்று தெரியாத ஆள் தோட்டத்தில் கிடையாது.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன்.

சத்தம் கேட்டதும் லயத்தில் இருந்தவர்கள் முதலில் நினைத்தது மண்சரிவு. அப்புறம் யாரோ ஒருவர் நோட்டன் அணை உடைந்துவிட்டது என்று கத்த, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பக்கம் ஓடியிருக்கிறார்கள். என் பெரியப்பா அப்போது கைக்குழந்தை. அப்பாயி அவரைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு தேயிலைக்குள்ளே ஏறி உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் வரவில்லை. மேலே மலையில் ஓர் இடம் மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்ததாம். மானாக்காட்டுக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். விமானம் என்ற எண்ணமே ஒருவருக்கும் வரவில்லை. வருவதற்கு என்ன காரணம் இருந்தது? அவர்கள் அறிந்த விமானம் ஆகாயத்தில் மிக உயரத்தில் சின்னதாக மின்னிக்கொண்டு போவது.

விடிந்ததும் கவ்வாத்துக் கத்தியோடு ஆண்கள் ஏறினார்கள். தாத்தாவும் போனார். பாதை கிடையாது, வெட்டிக்கொண்டே ஏறவேண்டும். மேலே பார்த்ததைப் பற்றித் தாத்தா வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பாயி சொல்லித்தான் இவ்வளவும் எனக்குத் தெரியும். தாத்தா இறங்கி வந்ததும் பீலிக்குப் போய் வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாராம். அன்றைக்கு அவித்துவைத்த மரவள்ளிக்கிழங்கைத் தொடவில்லையாம்.

மரவள்ளிக்கிழங்கு என்று எழுதும்போது அந்த வருடத்தைப் பற்றியும் சொல்லாமல் போக முடியவில்லை. 1973-லும் 74-லும் தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்தது. வேலை நாள் குறைந்து, அரிசியும் மாவும் எட்டாமல், சனம் தோட்டத்தை விட்டு டவுனுக்கு இறங்கிப் பிச்சை எடுத்த காலம் அது. இன்னொரு பக்கம், தோட்டத்துச் சனத்தை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் பெயர் பதிந்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு டிசம்பரில், எந்த நாட்டுப் பிரஜை என்று காகிதத்தில் முடிவாகாத ஆட்கள், பசித்த வயிற்றோடு, பெயர் தெரியாத நாட்டு மனிதர்களைத் தேடிக்கொண்டு மலை ஏறியிருக்கிறார்கள். இதை எங்கேயாவது எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

நான் வளர்ந்த காலத்தில் அந்த விபத்துக்கு ஊரில் வேறு ஒரு கதை இருந்தது. மலைக்குள்ளே காந்தம் இருக்கிறதாம், அது விமானத்தை இழுத்துக்கொண்டதாம். கன்னிமாருக்குக் காவு தேவைப்பட்டது என்று சொல்பவர்களும் உண்டு. பெரியவர்கள் அன்பாகச் சொன்ன கதைகள்தான், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்தக் கதையை நான் ஏற்பதில்லை. மலை யாரையும் இழுக்கவில்லை. காந்தம் இழுத்தது என்று சொல்லிவிட்டால் அந்த விமானத்துக்குள்ளே கடைசி நிமிடம்வரை என்ன நடந்தது என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும். 191 பேருக்காக அதையாவது கேட்க வேண்டாமா?

விமானத்தில் கோளாறு எதுவும் இல்லை. என்ஜின் நிற்கவில்லை, இறக்கை உடையவில்லை, ஓட்டியவர்கள் மயங்கி விழவில்லை. எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிற விமானத்தை, அதை ஓட்டத் தெரிந்தவர்கள், தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்தபடியே மலையில் கொண்டுபோய் மோதினார்கள். தாம் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறாக நினைத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். விசாரணையின் முடிவும் இதுவே. விமான நிலையத்திலிருந்து தாம் இருக்கும் இடத்தைச் சரியாக அடையாளம் காணாததால், பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். விமானத்தில் இருந்த டாப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பியது, இடத்தைத் தவறாகப் புரிந்துகொள்ள இடம் கொடுத்துவிட்டது.

டாப்ளர் என்ற கருவியைப் பற்றிக் கொஞ்சம் விளக்கவேண்டும். இன்றைக்குக் கையிலிருக்கிற போன் நாம் நிற்கிற தெருவைக்கூடக் காட்டிவிடுகிறது. 1974-இல் விமானங்களுக்குச் செயற்கைக்கோள் வழிகாட்டி கிடையாது. சுரபாயாவிலிருந்து கொழும்புக்கு 2,000 கடல்மைலுக்கு மேல், பெரும்பகுதி தண்ணீர். விமானத்தின் வயிற்றிலிருந்து டாப்ளர் கீழே ரேடியோ அலைகளை அனுப்பி, திரும்பி வரும் அலையில் உள்ள மாற்றத்தை வைத்து எவ்வளவு வேகத்தில் போகிறோம், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கணக்குப் போடும். திசைகாட்டியையும் அதோடு சேர்த்து, புறப்பட்ட இடத்திலிருந்து இவ்வளவு நேரம், இவ்வளவு வேகம், இந்தத் திசை, ஆகவே இப்போது இங்கே இருக்கிறோம் என்று சொல்லும். இருட்டில் அடி எண்ணிக்கொண்டு நடப்பதுபோலத்தான். ஓரடி பிசகினால் அந்தப் பிசகு அடுத்த அடியிலும் தொடரும், கூடிக்கொண்டே போகும். கடலுக்கு மேலே இன்னும் சிக்கல், தண்ணீரும் அசைகிறது அல்லவா. நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் பிழை இருந்தாலும் 2,000 மைல் முடிவில் அது 20 மைல். ஆகவே கரையை நெருங்கியதும் தரையில் இருக்கிற ஏதாவது ஒன்றைப் பிடித்து, நாம் நினைக்கிற இடத்தில்தான் இருக்கிறோமா என்று சரிபார்க்க வேண்டும். வானிலை ரேடார் மழைமேகத்தைக் காட்டுவதற்காக வைத்தது. அது கரையோரத்தையும் ஓரளவு வரைந்து காட்டும். ஆனால் அந்த மங்கலான வரையில், பார்க்கிறவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதுதான் தெரியும்.

அடுத்தது உயரம். கட்டுநாயக்காவுக்குக் கிழக்கேயிருந்து வருகிற விமானம் மலையகத்தைத் தாண்டித்தான் கடலோரச் சமவெளிக்கு இறங்கவேண்டும். சிவனொளிபாதமலை 7,359 அடி. பிதுருதாலகால 8,281 அடி. அந்த விமானத்துக்கு 2,000 அடிவரை இறங்க அனுமதி கிடைத்திருந்தது. கட்டுநாயக்காவை நெருங்கிவிட்ட விமானத்துக்கு அது சாதாரணமான உயரம், கீழே தென்னந்தோப்பும் வயலும்தான். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே பறக்கிறவருக்கு அது மலைக்குள்ளே போகிற உயரம்.

ஒரு கணக்கு இருக்கிறது. இறங்குகிற விமானம் வழக்கமாக மூன்று பாகைச் சரிவில் வரும். ஓடுபாதையிலிருந்து ஒரு கடல்மைல் தள்ளியிருந்தால் ஏறத்தாழ 300 அடி உயரம், பத்து மைல் என்றால் 3,000 அடிக்குச் சற்று மேல். அஞ்சாவது மலை கட்டுநாயக்காவிலிருந்து சுமார் 40 கடல்மைல். அங்கே இருக்கவேண்டிய உயரம் 12,000 அடிக்கு மேல். அவர்கள் இருந்ததோ 4,300 சொச்சம். அது யாருடைய உயரம் தெரியுமா? ஓடுபாதைக்குப் பதின்மூன்று, பதினான்கு மைலில் இருக்கிற ஒருவருடைய உயரம். இந்தக் கணக்கை முதன்முதலாக ஒரு பழைய கொப்பியின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்கள் கண்மூடித்தனமாக இறங்கவில்லை. தாம் இருப்பதாக நினைத்த இடத்துக்கு மிகச் சரியாகவே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இன்னும் சில நிமிடத்தில் ஓடுபாதை விளக்குகள் தெரியும் என்று காத்திருந்திருப்பார்கள்.

ஐ.எல்.எஸ் என்கிற தரைவழிக் கருவி இதற்கு உதவாதா என்று கேட்கலாம். மழையிலும் மூட்டத்திலும் கண் தெரியாதபோது விமானத்தைக் கையைப் பிடித்து ஓடுபாதைக்குக் கூட்டிவருகிற ஏற்பாடு அது. ஓடுபாதைப் பக்கமிருந்து இரண்டு அலைக்கற்றைகள் புறப்படும். ஒன்று இடமா வலமா என்று சொல்லும், மற்றது மேலா கீழா என்று சொல்லும். இரண்டு முள்ளும் நடுவில் நின்றால் சரியான பாதையில் வருகிறீர்கள். ஆனால் மேலா கீழா என்று சொல்கிற கற்றையை ஏறத்தாழ பத்து மைலுக்குள் வந்த பிறகுதான் நம்பலாம். அந்த வாசலுக்கு வந்து சேர்வதற்கு முன்பே, வாசலைத் தாண்டிவிட்டதாக நினைத்தவர்களை அந்தக் கருவி எப்படிக் காப்பாற்றும்?

எனக்கு இதை மனசுக்குள் புரியவைத்தது எந்த அறிக்கையும் அல்ல. என் மாமாவின் வேன்.

உயர்தரம் படித்துக்கொண்டிருந்த வருடம். மஸ்கெலியாவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டு இரவு திரும்பி வருகிறோம். மாமா அந்தப் பாதையில் இருபது வருடம் வேன் ஓட்டியவர். பனிமூட்டம் என்றால் அப்படி ஒரு மூட்டம், ஹெட்லைட் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் முகத்திலேயே அடிக்கிறது. மாமா சின்ன லைட்டில், ஊர்ந்துகொண்டு வருகிறார். பாதையில் ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. கோயிலைத் தாண்டியதும் ஒரு மதகு, மதகைத் தாண்டியதும் வலப்பக்கம் பெரிய வளைவு. இடப்பக்கம் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"கோயில் வந்துருச்சு" என்றார் மாமா.

எனக்கும் கோயிலாகத்தான் தெரிந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன். அவர் சொன்ன பிறகு எனக்குக் கோபுரத்தின் கோடுகூடத் தெரிந்தது. மதகில் வேன் குலுங்கவேண்டும், குலுங்கவில்லை. அதை நான் கவனித்தேன். ஆனால் மெதுவாகப் போவதால் குலுங்கவில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாமா வளைவுக்காக வலப்பக்கம் ஒடித்தார். பின் சீட்டிலிருந்து அத்தை "தேயில! தேயில!" என்று கத்தினார். கண்ணாடிக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் தேயிலைச் செடி. முன் சில்லு கானுக்குள், பாதையோர வாய்க்காலுக்குள், இறங்கி வேன் நின்றது.

இறங்கிப் பார்த்தோம். அந்த வெளிச்சம் கோயில் அல்ல. ஏதோ ஒரு லயத்தில் யாரோ இஸ்தோப்பு லைட்டை அணைக்காமல் விட்டிருந்தார்கள். கோயில் இன்னும் அரை மைலுக்கு முன்னால் இருந்தது. மாமா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. கானுக்குள் கல் வைத்து வேனைத் தூக்கும்போது, "எனக்குக் கோயில்தான்டா தெரிஞ்சுச்சு. சத்தியமா கோயில்தான் தெரிஞ்சுச்சு" என்றார்.

எங்களுக்கு வாய்த்தது ஒரு கான். அதுவும் மேட்டுப் பக்கத்துக் கான். பத்து மைல் வேகத்தில் வந்த வேன். அந்த விமானம் ஒரு நிமிடத்தில் நான்கைந்து மைல் போகும்.

அறிவு குறைந்தவர்களுக்கோ அனுபவம் குறைந்தவர்களுக்கோதான் இப்படி நடக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொரு விபத்தைச் சொல்லவேண்டும். அஞ்சாவது மலைக்குச் சரியாக மூன்று நாள் முன்பு, 1974 டிசம்பர் 1-ஆம் தேதி, அமெரிக்காவில் டி.டபிள்யூ.ஏ நிறுவனத்தின் 514-ஆம் இலக்க விமானம் வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வரும்போது, மோசமான வானிலையில், வெர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் என்ற மலையில் மோதியது. 92 பேர் இறந்தார்கள். இறங்க அனுமதி என்று கட்டுப்பாட்டாளர் சொன்னதை, இப்போதே 1,800 அடிக்கு இறங்கிவிடலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் மலை இருந்தது. உலகத்தின் இரண்டு மூலைகளில், மூன்று நாள் இடைவெளியில், கோளாறு இல்லாத இரண்டு விமானங்கள், இரண்டு மலைகள்.

என்னை அதிகம் உறுத்துவது அதற்குப் பிறகு வெளிவந்த ஒரு விஷயம். ஆறு வாரத்துக்கு முன்பு யுனைட்டட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே இடத்தில் அதே மாதிரி இறங்கி, மயிரிழையில் தப்பியிருக்கிறது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்திடம் அதைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நிறுவனத்து விமானிகளுக்கு எச்சரிக்கையும் போயிருக்கிறது. மற்ற நிறுவனங்களுக்குப் போய்ச் சேரவில்லை. 1976-இல் அமெரிக்காவில், தவறு செய்த விமானியே தண்டனைப் பயம் இல்லாமல் அதை எழுதி அனுப்பலாம் என்ற ஏற்பாடு தொடங்கியது இந்த அனுபவத்தால்தான். தப்பிப் பிழைத்தவன் வெட்கப்படாமல் சொன்னால்தான் பின்னால் வருகிறவன் பிழைப்பான். மாமா அந்த லயத்து வெளிச்சத்தைப் பற்றி மறுநாளே ஸ்டாண்டில் எல்லா டிரைவர்களிடமும் சொன்னார். கான் மேட்டுப் பக்கத்தில் இருந்ததால் பிழைத்தேன் என்பதையும் சேர்த்தே சொன்னார். அவர் மீது எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

அந்த டிசம்பர்தான் நில எச்சரிக்கைக் கருவியையும் கட்டாயமாக்கியது. டான் பேட்மேன் என்ற கனடாக்காரப் பொறியியலாளர் அதற்கு முன்பே அதை உருவாக்கி வைத்திருந்தார். கீழே இருக்கிற தரை மிக வேகமாக நெருங்கினால் விமானி அறையில் ஒரு குரல் மேலே ஏறு, மேலே ஏறு என்று கத்தும். மவுண்ட் வெதருக்குப் பிறகு அமெரிக்க அரசு பெரிய விமானங்களில் அதைப் பொருத்தியே ஆகவேண்டும் என்று உத்தரவிட்டது. ஆனால் அந்தக் கருவிக்குக் கீழே பார்க்கத்தான் தெரியும், முன்னால் பார்க்கத் தெரியாது. எங்கள் மலைகளைப்போலச் செங்குத்தாக எழும்புகிற பாறைக்கு முன்னால் அது கத்துவதற்குள் காரியம் முடிந்துவிடலாம். உலகத்து மலைகளின் வரைபடம் முழுவதையும் உள்ளே வைத்துக்கொண்டு, முன்னால் மலை வருகிறது என்று முன்கூட்டியே சொல்கிற கருவி 1990-களில்தான் வந்தது. அதையும் உருவாக்கியவர் அதே பேட்மேன்தான். 2023-இல் காலமானார். அவர் பெயர் மலையகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் இன்றைக்கு ஏழு கன்னியருக்கு மேலே போகிற ஒவ்வொரு பெரிய விமானத்துக்குள்ளும் இந்த ஏழு முகடுகளும், அஞ்சாவதும் சேர்த்து, அவர் வேலையால் எழுதப்பட்டிருக்கின்றன.

ஆனாலும் நான்கு வருடத்தில் இதே நாட்டில் இன்னொன்று நடந்தது. 1978 நவம்பர் 15. இதுவும் டி.சி-8 விமானம், இதுவும் இந்தோனேசிய யாத்திரிகர்கள். இந்தத் தடவை ஹஜ் முடித்துவிட்டு ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஐஸ்லாந்து நிறுவனத்தின் விமானம். இடியும் மழையுமான இரவு. இவர்கள் இடத்தைத் தவறவிடவில்லை. ஐ.எல்.எஸ் கற்றையைப் பிடித்துத்தான் கட்டுநாயக்காவின் ஓடுபாதைக்கு இறங்கி வந்தார்கள். ஓடுபாதைக்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே, தென்னந்தோப்புக்குள் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். இறங்கும்போது உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் விமானிகள் சரியாகக் கவனிக்கவில்லை என்றது இலங்கையின் விசாரணை. நிலையத்துக் கருவியிலும் கட்டுப்பாட்டாளர் கொடுத்த தகவலிலும்தான் கோளாறு என்றது ஐஸ்லாந்துத் தரப்பு. இரண்டு பக்கமும் படித்திருக்கிறேன். ஒரு காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட எனக்கு முடியவில்லை. முள் நடுவில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தவர்களும் சாகக்கூடும் என்பதை மட்டும் ஜீரணிக்க முடியவில்லை.

ஒரு விபத்தில் போகிறவர்கள், இன்னொன்றில் திரும்புகிறவர்கள். ஹட்டனில் நான் துணி வாங்குகிற கடையில் ஒரு வயதான நானா இருந்தார். அவரிடம் ஒருநாள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அளந்துகொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு, "ஹஜ்ஜுக்கு நிய்யத்து வச்சுப் பொறப்பட்டவங்க வழியில மவுத்தானா, அவங்களுக்கு அந்த ஹஜ்ஜுக்கான நன்மை எழுதப்பட்டுக்கிட்டே இருக்கும் தம்பி" என்றார். அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் டிசம்பர் கடைசியில் வந்தது. எப்படியும் இரண்டு மூன்று வாரம் முன்பே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று, ஆயுசு முழுக்கச் சேர்த்த காசோடு புறப்பட்டிருப்பார்கள். பலருக்கு அது முதல் விமானப் பயணமாகவே இருந்திருக்கும். இடையில் இலங்கை என்று ஒரு நாட்டில் கொஞ்ச நேரம் நிற்கும் என்று சொல்லியிருப்பார்கள்.

விமானத்தின் சில்லு ஒன்றை நோட்டன் பிரிட்ஜில் ஞாபகமாக வைத்திருக்கிறார்கள். கையால் தொட்டால் ரப்பர் இன்னும் கெட்டியாக இருக்கிறது. லாரிச் சில்லைவிடப் பெரிது. சுரபாயாவில் தரையை விட்ட பிறகு கட்டுநாயக்காவில் தரையைத் தொடவேண்டிய சில்லு. போகிற வருகிற பிள்ளைகள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதைத் தவறு என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் யாராவது நின்று, காந்தக் கதையை விட்டுவிட்டு, இதெல்லாம் எப்படி நடந்தது என்று சொன்னால் போதும்.

போன வருடம் வேலை விஷயமாகக் கோலாலம்பூர் போய்விட்டு இரவு விமானத்தில் திரும்பினேன். ஜன்னல் பக்கம் கேட்டு வாங்கியிருந்தேன். கிழக்குக் கரை விளக்குகள் தாண்டி, கீழே இருட்டு. எனக்கு முன்னால் இருந்த சின்னத் திரையில் விமானத்தின் படமும் உயரமும் ஓடிக்கொண்டிருந்தன. ஊருக்கு மேலே வருகிறோம் என்று என் கணக்கு சொன்னது. பக்கத்தில் இருந்தவர் தூங்கிவிட்டார். நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்க்க முயன்றேன். ஒரு முகடும் தெரியவில்லை. சிவனொளிபாதமலைப் படிக்கட்டு விளக்குகள் மட்டும், யாரோ இருட்டில் நூல் விட்டதுபோல, ஒரு கோடாகத் தெரிந்தன. திரையில் 13,000 அடிக்குச் சற்று மேலே காட்டியது.

கட்டுநாயக்காவில் இறங்கியதும் அப்பாயிக்குப் போன் போட்டேன். அந்த நேரத்துக்கும் விழித்திருந்தார்.

"வந்து எறங்கிட்டியா?"

"எறங்கிட்டேன் அப்பாயி. நம்ம மலைக்கு மேலதான் வந்தோம்."

"மலை தெரிஞ்சுச்சா?"

"இருட்டு. ஒன்னும் தெரியல. சிவனொளிபாதத்து வெளக்கு தெரிஞ்சுச்சு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. இஸ்தோப்புக் கதவு திறக்கிற சத்தம் போனில் கேட்டது.

"இங்கயும் ஒரே மூட்டமா இருக்கு ராசா" என்றார். "சத்தம் மட்டும் கேட்டுச்சு. நல்லா ஒசரத்துலதான் போச்சு."